விக் வைத்த வீராங்கனை

கால்பந்துப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் 'ஷீ'ஸ் தி மேன்' எப்படியும் ஒருநாள் டிவிக்கு வந்துவிடும். 2006-இல் வெளியான அமெரிக்கப் பள்ளிக்கூடக் காமெடி. அங்கே அதற்குக் கிடைத்த ரேட்டிங் பிஜி-13; சொன்ன காரணம், பாலியல் சார்ந்த சில விஷயங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பார்க்கலாமா என்று யோசிப்பவருக்கு அந்த ஒரு வரி போதாது.

ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்'தான் கதை. கார்ன்வால் பள்ளியில் பெண்கள் அணியைக் கலைத்துவிடுகிறார்கள். பையன்கள் அணியில் இடம் கேட்கும் வயோலாவைப் பயிற்சியாளர் ஏளனம் செய்ய, கோல்கீப்பரான காதலனும் அவர் பக்கமே சாய்கிறான். இவளுடைய இரட்டைச் சகோதரன் செபாஸ்டியன் இசைக்குழுவோடு லண்டனுக்கு நழுவுகிறான். அவன் சேர வேண்டிய இல்லிரியா பள்ளிக்கு, விக்கும் கிருதாவுமாக வயோலா போய் நிற்கிறாள்.

அமாண்டா பைன்ஸுக்கு இதில் இரட்டை வேலை. ஆண்போல நடக்கத் தெரியாத பெண் ஒருத்தி ஆண்போல நடந்து காட்டுவதை அவர் நடிக்க வேண்டும். தோளைத் தூக்கிக்கொண்டு வருவார், கட்டைக்குரல் பாதி வாக்கியத்தில் கீச்சென்று மேலே ஏறும், சட்டென்று இறக்கிக்கொள்வார். சிறுவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பது இந்த இடங்களில்தான். ஆட்டத்திலும் படம் அவளுக்குச் சலுகை தரவில்லை. வேஷம் போட்ட மறுநாளே கோல் மழை பொழிவதில்லை, இரண்டாம் வரிசை அணியில்தான் இடம் கிடைக்கிறது. அறைத்தோழன் டியூக் (சானிங் டேட்டம்) தனியாகப் பயிற்சி கொடுத்த பிறகுதான் முதல் அணிக்கு வருகிறாள்.

இல்லிரியாவின் பயிற்சியாளராக வருபவர் வின்னி ஜோன்ஸ். 1988-இல் லிவர்பூலை வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை வென்ற விம்பிள்டன் அணியின் முரட்டு ஆட்டக்காரர், நிஜ வாழ்க்கையில் 12 சிவப்பு அட்டை வாங்கியவர். பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று பார்த்தால், அவருடைய பழைய ஆட்டங்களைவிட இந்தப் படம் எவ்வளவோ சாது.

சரி, தர்மசங்கடமான இடங்கள். வயோலாவின் பூட்ஸிலிருந்து டாம்பான் விழுகிறது. மூக்கில் ரத்தம் வந்தால் அடைக்க வைத்திருக்கிறேன் என்று சமாளித்து, மூக்கில் செருகியும் காட்டுகிறாள். இதற்குப் போய் ரிமோட்டைத் தேட வேண்டியதில்லை. பிள்ளை கேட்டால் இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். பீட்சா கடைக் காட்சிதான் எனக்கு உறுத்துகிறது. சக பையன்களிடம் மதிப்புத் தேட, தன் தோழிகளையே கைவிடப்பட்ட காதலிகளாக நடிக்கச் சொல்லி, அவர்களை எல்லார் முன்னாலும் உதறுகிறாள். பையன்கள் மேஜையே அசந்துபோகிறது. பெண்ணை மட்டம்தட்டினால் ஆண்களிடம் கௌரவம் கிடைக்கும் என்பதைப் படம் கேலியாகத்தான் சொல்கிறது. பத்து வயதுக்கு அந்தக் கேலி பிடிபடாது, கைதட்டல்தான் காதில் விழும்.

இன்னொன்று கடைசி ஆட்டத்தில். செபாஸ்டியன் உண்மையில் பெண் என்று பள்ளி முதல்வர் மைதானத்திலேயே அறிவிக்கிறார். அப்போது ஆடிக்கொண்டிருப்பவன் ஊர் திரும்பிவிட்ட நிஜ செபாஸ்டியன். கால்சட்டையை இறக்கி ஆண் என்று நிரூபிக்கிறான். பிறகு வயோலா களமிறங்கி, தான் பெண் என்பதைக் காட்டச் சட்டையைத் தூக்குகிறாள். திரையில் எதுவும் தெரியாது, அரங்கம் சிரிக்கும். விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவனுக்கு இங்கே சிரிப்பு வரவில்லை. படம் வந்த அதே ஆண்டு டிசம்பரில், தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனிடம் பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்தார்கள். 1966-இல் புடாபெஸ்ட் ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர்கள் முன் ஆடையின்றி நிற்கவைக்கப்பட்டார்கள். ஆணா பெண்ணா என்று உடம்பைக் காட்டி நிரூபி என்பது மைதானத்தில் நிஜமாகவே நடந்த கொடுமை. படத்தில் அது ஒரு நொடி ஜோக்.

இந்தக் காட்சிக்குப் படத்தை நிறுத்தி, சாந்தியின் கதையை நான்கு வாக்கியத்தில் சொல்லலாம். ரேட்டிங் போட்டவர்கள் எண்ணியது பாலியல் இரட்டை அர்த்தங்களை. அவற்றை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஏற்கெனவே பள்ளி வேனில் கேட்டாயிற்று.

என் கணக்கில் 12 வயது ஆனவர்களுக்குப் படத்தைத் தாராளமாகப் போடலாம், பெரியவர் ஒருவர் கூட இருந்தால் நல்லது. அதற்குக் கீழே இருப்பவர்களைப் படம் கெடுத்துவிடாது, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவும் வைக்காது. யார் யாரைக் காதலிக்கிறார் என்ற சுற்றில் அவர்களுக்கு அக்கறையில்லை. "மேட்ச் எப்பப்பா வரும்?" என்று கேட்டால், கடைசி இருபது நிமிடத்துக்கு ஓட்டிவிடுங்கள். எங்கள் பள்ளியில் ஆண் பெண் பேதம் பார்ப்பதில்லை என்று எதிரணிப் பயிற்சியாளரின் வாயை வின்னி ஜோன்ஸ் அடைப்பதும், பழைய காதலன் காக்கும் வலையில் வயோலா வெற்றி கோலைப் போடுவதும் அதற்குள் வந்துவிடும்.