இலைத்துளை இயக்கத்தில் தாவர இயக்குநீர்களின் ஊடாட்டம்: எண்ணூர்க் கழிமுக அலையாத்தியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

தாவர இயக்குநீர்களை 'ஒன்றுக்கு ஒரு பணி' என்னும் அட்டவணையாகக் கற்பிக்கும் வழக்கம் அறிமுக நிலையில் நிலைபெற்றுள்ளது. ஆக்சின் செல்லை நீட்டும். எத்திலீன் கனியைப் பழுக்கவைக்கும். அப்சிசிக் அமிலம் இலைத்துளையை மூடும். நினைவிற்கொள்ள எளிதான இவ்வட்டவணை, வடசென்னையின் எண்ணூர் போன்ற தொழிற்களத்தில் இலையை மாசின் சான்றாகக் கொள்வோரைப் பிழையான முடிவிற்கு இட்டுச்செல்லக்கூடும்.

ஏவலும் தடைநீக்கமும்

காப்புச் செல்களில் பொட்டாசிய அயனிகள் சேர்கையில் நீர் உட்புகுந்து துளை திறக்கிறது. அவை வெளியேறுகையில் மூடுகிறது. வறட்சியில் பெருகும் அப்சிசிக் அமிலம் துளையை நேரடியாக மூடுவதில்லை. 2009இல் கண்டறியப்பட்ட அதன் ஏற்பிகள், அமிலத்துடன் பிணைந்ததும் பாஸ்ஃபடேஸ் நொதிகளை முடக்குகின்றன. அந்நொதிகளால் அடக்கப்பட்டிருந்த கைனேஸ்கள் விடுபட்டு எதிரயனித் தடங்களைத் திறக்கின்றன. பொட்டாசியமும் நீரும் தொடர்ந்து வெளியேறுகின்றன. ஆகவே இங்கு நிகழ்வது தடைநீக்கமே. 'இயக்குநீர்' என்னும் கலைச்சொல் உணர்த்தும் ஏவற்பொருள் இதற்கு முழுமையாகப் பொருந்தவில்லை. 'துளை' என்பதும் செயலற்ற ஓட்டையையே நினைவூட்டுகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ஆளும் 'இலைவாய்' திறந்து மூடும் இயல்பை உள்ளடக்கியது.

எத்திலீன் குறித்த முடிவுகள் அட்டவணையின் போதாமையை மேலும் தெளிவாக்குகின்றன. அராபிடாப்சிஸ் செடியில், அப்சிசிக் அமிலம் விளைக்கும் மூடலை எத்திலீன் தடுப்பதாக 2005இல் ஓர் ஆய்வு காட்டியது. எத்திலீனே ஹைட்ரஜன் பெராக்சைடு வழியாக மூடலைத் தூண்டுவதாக 2006இல் மற்றோர் ஆய்வு காட்டியது. இரண்டையும் இணைத்து நோக்கின், ஓர் இயக்குநீரின் விளைவு உடனிருக்கும் பிற இயக்குநீரைச் சார்ந்தது என்பது பெறப்படும்.

எண்ணூர்க் களம்

கொசஸ்தலை ஆறு கடலுடன் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் வெண்கண்டல் முதலிய அலையாத்தி மரங்கள் உள்ளன. உவர்நீர், அனல்மின் நிலையங்களின் சாம்பல், நிலக்கரிப் புகையின் கந்தக டைஆக்சைடு ஆகியன அவற்றை ஒருங்கே தாக்குகின்றன. 2023 டிசம்பர் புயல்வெள்ளத்தின்போது பரவிய எண்ணெயும் அவற்றின்மீது படிந்தது. இந்நிலையில் மூடிய இலைத்துளை எதற்குச் சான்று? உவர்ப்பும் அப்சிசிக் அமிலத்தைப் பெருக்கும். கந்தக டைஆக்சைடோ ஈரக்காற்றில் துளையைத் திறக்கவும் வறண்ட காற்றில் மூடவும் செய்வதை 1970ஆம் ஆண்டளவிலேயே அவரைக் குடும்பச் செடியில் நிகழ்ந்த சோதனைகள் காட்டின. எனவே துளை திறந்திருப்பது மாசின்மைக்குச் சான்றாகாது. மூடியிருப்பது மாசை மட்டும் சுட்டாது.

பாதிப்பு முழுவதையும் உவர்ப்பின்மீது சுமத்தினால் ஆலைகளின் பங்கு மறையும். முழுவதையும் ஆலைகளின்மீது சுமத்தினால் அக்கூற்று விசாரணையில் நிலைக்காது. இரு நிலையிலும் இழப்பு, கழிமுகத்தை நம்பி வாழும் மீனவர்க்கே.

முடிவுரை

அட்டவணை தொடக்கக் கல்விக்கு ஏற்றது. கள ஆய்விற்கு அது போதாது. அராபிடாப்சிஸ் முடிவுகளை உவர்நிலத் தாவரத்தின்மீது அப்படியே ஏற்றுவதும் பொருந்தாது. துளையின் அகலத்தோடு அப்சிசிக் அமிலம், எத்திலீன், ஜாஸ்மோனிக் அமிலம் ஆகியவற்றின் அளவும், காற்றின் ஈரமும், ஓதநேரமும் ஒருங்கே பதிவாக வேண்டும். அப்போதே எண்ணூரின் இலை நம்பத்தக்க சாட்சியாகும்.