ஆவாரம்பூவும் வர்ணப் பென்சிலும்

தோல் பதனிடும் தொழிலால் கடல் கடந்தும் பெயர் பெற்ற வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்து மலர் ஒன்றில், தோட்டத்துப் பூவையும் பூச்சியையும் வர்ணப் பென்சிலால் தீட்டும் கலையைப் பற்றி எழுதப் புகுவது, தோல் மண்டி வாசலில் பூக்கடை விரிப்பது போலச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயினும் அவ்விரண்டும் சந்திக்கும் செடி ஒன்று நம் தரிசு நிலங்களிலேயே நிற்கிறது. குரோம் உப்பு வந்து சேருமுன் நம் முன்னோர் ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் எந்தப் பட்டையை ஊறவைத்த நீரில் பதனிட்டார்களோ, கபிலர் குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையில் எதற்கு இடமளித்தாரோ, மடலேறும் காதலன் எதைச் சூடினானோ, அந்த ஆவாரையே அது.

பட்டையை அறிந்த அளவுக்குப் பூவை நாம் அறிந்தோமில்லை. ஆவாரம்பூவை வரையச் சொன்னால், ஒரு வட்டத்தைச் சுற்றி ஐந்து சமமான இதழ்களைப் போட்டு மஞ்சள் பூசி முடித்துவிடுவோம். உண்மையில் அவ்வைந்து இதழ்களும் சமமானவை அல்ல, விளிம்பு நெளிந்தவை, அவற்றின் மஞ்சளுக்குள் செம்மஞ்சள் நரம்புகள் ஓடுகின்றன. கேசரங்கள் பத்தில் மேலே நிற்கும் மூன்று மலடு. ஏனையவற்றின் மகரந்தப் பைகள் நுனியில் சிறு துளையாகத் திறப்பவை. பூவில் தேன் கிடையாது. கருவண்டு வந்து கேசரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, உடல் முழுதும் அதிர ரீங்காரம் செய்தால்தான் அத்துளை வழியே தூள் உதிரும். இதைக் கண்ணால் கண்டவன் வரையும் வண்டு பூவின்மேல் சும்மா உட்கார்ந்திராது, கேசரத்தைப் பற்றிக்கொண்டிருக்கும். சித்திரத்தின் தராதரம் அந்தப் பற்றுதலில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டில் இக்கலையின் மூத்த சம்பிரதாயம் தாவர சாஸ்திரிகளுக்காக வரைந்தவர்களுடையது. மலையாளக் கரையில் டச்சு அதிகாரி வான் ரீட் தொகுப்பித்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் தாவர நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்தது. சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றிய ராக்ஸ்பரோவின் பெருநூல் 1795-இல் வரத் தொடங்கியது. அதன் படங்களுக்கு இந்திய ஓவியரின் கைகளே மூலம். இவ்வரிசையில் நம் மாகாணத்துக்கு மிக நெருங்கியவர் தாவர சாஸ்திரி ராபர்ட் வைட். அவருக்கென வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இருவர். 1838 முதல் 1853 வரை வெளிவந்த வைட்டின் ஐகோனெஸ் நூலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லச்சுப் படங்கள் உள்ளன. கிளையைத் தாளின் அளவுக்கு வளைத்து அமைத்து, அடியில் பூவைப் பிரித்து ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே காட்டும் அவர்களுடைய முறையில், அழகு தானாக வந்து சேர்ந்ததே தவிர, அழைத்து வரப்பட்டதன்று. செடியைப் பாராதவனும் படத்தைக் கொண்டு செடியை அறிய வேண்டும் என்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட ஒரே பரீட்சை. வைட் தம் ஓவியரை மறக்கவில்லை. ஆர்க்கிட் வகையொன்றுக்குக் கோவிந்துவின் பெயரால் கோவிந்தூயியா என்று நாமகரணம் செய்தார். அவ்வகையைப் பிற்காலத்தார் வேறு இனத்தில் சேர்த்துவிட்டனர், கௌரவம் கௌரவம்தானே!

1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியின் மாணாக்கர் கிளெக்கார்ன் என்ற தாவர நிபுணருக்காகச் செடிகளை வரைந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோம் முறையில் தோல் பதனிடும் பரிசோதனைகளைச் சென்னையில் முன்னின்று நடத்திய ஆல்பிரட் சாட்டர்டனும் அப்பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரே. பூவை வரையக் கற்பித்த பள்ளிக்குத் தலைவராயிருந்தவரே ஆவாரம்பட்டையின் ஆதிக்கத்துக்கு முடிவு தேடினார் என்ற விநோதத்தை எண்ணிப் புன்னகை செய்யாமலிருக்க என்னால் முடிவதில்லை.

பூச்சிகளுக்கு வருவோம். 1705-இல் மரியா சிபில்லா மேரியன் என்ற மாது வெளியிட்ட சூரிநாம் பூச்சிகளின் நூல், முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி எல்லாவற்றையும் அவை தின்னும் செடியோடு ஒரே தாளில் காட்டி ஒரு சம்பிரதாயத்தை நிலைநிறுத்தியது. நம் பக்கத்தில், 1914-இல் சென்னை அரசாங்கத்துக்காகப் பெயின்பிரிட்ஜ் பிளெட்சர் எழுதிய தென்னிந்தியப் பூச்சிகள் நூல் பயிரைக் காப்பதற்காகப் பூச்சியைப் பார்த்தது. ஒழிப்பதற்காகப் பார்த்தவரும் உன்னிப்பாகத்தான் பார்த்தார். இன்றைய சித்திரங்களிலோ ரோஜாவின் மேல் சிறகை ஆணியடித்தாற்போல் விரித்து ஒரு பட்டாம்பூச்சி உட்கார்ந்திருக்கிறது. ஆறு கால்களும் மார்பிலிருந்து புறப்படுவதற்குப் பதிலாக வயிற்றிலிருந்து புறப்படுகின்றன. எருக்கிலையில் வெந்தய வரியனின் புழுவும், கறிவேப்பிலையில் பறவை எச்சம் போலத் தோன்றிப் பின் பச்சையாகும் புழுவும், ஆவாரையில் மஞ்சள் கலந்த வெள்ளைப் பட்டாம்பூச்சியின் பச்சைப் புழுவும் நம் வாசலிலேயே இருக்க, வேற்றூர் ரோஜா எதற்கு?

படத்தைக் கொண்டே செடியை அறிய வேண்டும் என்ற அந்தப் பரீட்சையில் நிறமின்றியே தேறலாம் என்பதற்குத் திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தின் மாத்யூ பாதிரியார் 1982-இல் வெளியிட்ட கோட்டோவியத் தொகுதி சாட்சி. ஏலகிரி, ஜவ்வாது மலைச் செடிகளும் அவர் ஆராய்ந்த எல்லைக்குள் அடங்கியவை.

வர்ணப் பென்சில் இம்மரபுக்குப் பிந்தி வந்த கருவி. சாதாரணப் பென்சிலின் உள்ளீடு, கிராபைட்டையும் களிமண்ணையும் பிசைந்து சூளையில் சுட்டது. வர்ணப் பென்சிலைச் சுட்டால் நிறம் கெடும் என்பதால் மெழுகும் வர்ணப் பொடியும் கலந்து உலர்த்துகிறார்கள். மெழுகுதான் அதன் பலமும் பலவீனமும். மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றலாம். அவசரப்பட்டு அழுத்தினால் தாளின் நுண்குழிகள் அடைபட்டு அடுத்த நிறம் ஒட்டாது. அடர்த்தியாகத் தீட்டிய பரப்பில் சில நாளில் வெண்படலம் பூக்கும். மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும். வேலூரை வெயிலூர் என்று கேலி செய்வார்களே, அந்தச் சித்திரை வெயிலில் உள்ளீடு இளகி முனை மழுங்குவதால் காலையிலேயே வரைவது உத்தமம். பூவும் அப்பொழுதுதான் வாடாமல் இருக்கும்.

நிறம் நிலைக்குமா என்பது வேறு தராதரம். இதை அளக்க ஏ.எஸ்.டி.எம். டி 6901 என்ற சர்வதேச அளவுகோல் உண்டு. மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் இளஞ்சிவப்பும் ஊதாவும் முதலில் ஓடிவிடுகின்றன. நான் சிரத்தையோடு தீட்டிய அரளிப்பூ, ஜன்னலோரச் சுவரில் இரண்டு கோடைக்குள் வெள்ளரளியாயிற்று. தாளில் ஒவ்வொரு நிறமாகப் பட்டை தீட்டி, பாதியை அட்டையால் மூடி வெயிலில் மூன்று மாதம் வைத்துப் பார்த்த பின்பே பெட்டியை நம்புவது நன்று.

இம்மலரைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த வகுப்பில் கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரையச் சொல்லாமல், ஓர் ஆவாரங்கொத்தைப் புழுவோடு மேஜைமேல் வையுங்கள். மாணாக்கர் படத்தின் அடியில் செடியின் பெயரையும், கிடைத்த இடத்தையும், தேதியையும், தம் பெயரையும் எழுதட்டும். புழுவைப் பிறகு அதே செடியில் விட்டுவிடுங்கள்.