பலம் / அறிவு: ஒரு விளையாட்டின் அறுகோணம் குறித்து

பாத்திரப் படைப்பு பற்றி நமது சிறுபத்திரிகைகளில் எவ்வளவோ எழுதியாயிற்று. வார்த்தைகளால் அல்லாமல் எண்களால் பாத்திரம் படைக்கிற ஒரு பிரதியை மட்டும் யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பெருங்குடியில், பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், 2006 வாக்கில் பிரௌசிங் சென்டர் ஒன்று இருந்தது. கட்டுரை டைப் அடிக்கப் போன எனக்குப் பக்கத்து நாற்காலிகளின் சண்டைதான் காதில் விழும். "டேய், எல்லாத்தயும் அஜில கொட்டாதடா, வைட்ல போடு." "போடா, வைட்ல போட்டா தனியா எப்டி லெவல் ஏத்துவ?" ஆட்டத்தின் பெயர் ராக்னராக் ஆன்லைன். லீ மியுங்-ஜின் வரைந்த கொரியச் சித்திரக்கதையிலிருந்து கிராவிட்டி நிறுவனம் 2002இல் வெளியிட்டது. இந்தியாவில் லெவல் அப் நிறுவனம் அதை நடத்திக்கொண்டிருந்த காலம் அது.

இந்தச் சண்டையை வெறும் பையன்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. புள்ளிகளை எப்படிப் பங்கிட வேண்டும் என்ற கேள்விக்குள் ஒரு சமூகக் கோட்பாடு இருக்கிறது.

பழைய ராக்னராக்கில் பாத்திரம் உருவாகும்போது திரையில் ஓர் அறுகோணம் வரும். பலம், சுறுசுறுப்பு, உடல்தாங்கு திறன், அறிவு, கைத்திறன், அதிர்ஷ்டம் என்று ஆறு முனைகள். மொத்தம் 30. பலத்தை ஒன்று கூட்டினால் நேர் எதிர் முனை ஒன்று குறையும். அந்த எதிர் முனை அறிவு! யார் சொன்னது, கை வலுத்தால் தலை சிறுக்கும் என்று? இயற்கையில் அப்படி ஒரு விதி கிடையாது. கையையும் மூளையையும் வெவ்வேறு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்த சமூகங்களில்தான் அது விதி. சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்துவைக்கிறது என்று அம்பேத்கர் 1936இலேயே வாதிட்ட தேசத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த அறுகோணத்தை அப்பாவியாகப் பார்க்க முடியவில்லை. சாலையோரம் கண்ணாடிக் கட்டடங்கள். பின்னால் சதுப்பு நிலத்தின் மேல் குப்பைமேடு, அதில் கையாலேயே பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள். பெருங்குடியே எதிரெதிர் முனைகளாக வரையப்பட்ட ஊர்தான்.

இந்த எண்களுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' காகித ஆட்டத்தில் குணங்கள் பகடை உருட்டிக் கிடைத்தன. 1978ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தில் பெண் பாத்திரத்தின் பலத்துக்கு ஆணுக்கு இல்லாத உச்சவரம்பு. அரை-ஓர்க் இனத்தில் பிறந்தால் பலம் ஒன்று கூடும், வசீகரம் இரண்டு குறையும். பிறப்பிலேயே புள்ளி! விமர்சனங்களுக்குப் பின் 2020இல் இதைத் தளர்த்தினார்கள். 2024 பதிப்பில் இனம் என்ற சொல்லையே கைவிட்டு, புள்ளிகளைப் 'பின்னணி'க்கு மாற்றினார்கள். விவசாயிப் பின்னணி என்றால் பலம், உடலுறுதி, விவேகம் மூன்றில்தான் கூட்டலாம், அறிவில் முடியாது. முற்போக்கான திருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1953இல் ராஜாஜி கொண்டுவந்து 1954இல் காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்ட குலக்கல்வித் திட்டத்தைக் கேள்விப்பட்ட வாசகனுக்கு, பிறப்பிலிருந்து தொழிலுக்கு நகர்வது அவ்வளவு தூரப் பயணமாகப் படாது. (ஆட்டக்காரர் பின்னணியைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு அது வாய்க்கவில்லை.)

சரி, கணக்குக்கு வருவோம். ராக்னராக்கில் ஒரு குணத்தை 1இலிருந்து 2ஆக ஏற்ற 2 புள்ளி. 11இலிருந்து 12க்கு 3. இப்படியே ஏறி 91இலிருந்து 92க்கு 11. ஒரே குணத்தை 99க்குக் கொண்டுபோக 628 புள்ளி ஆகும். மறுபிறவி எடுக்காத பாத்திரம் 99ஆம் நிலை எட்டும்வரை பெறுவது மொத்தம் 1273. ஆக இரண்டு குணங்களை உச்சத்துக்கு ஏற்றினால் கையில் மிச்சம் 17. விலை இப்படி ஏறுவதால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போடுவதுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் பலத்தைப் பத்தால் வகுத்து, மீதியைத் தள்ளி, வருவதை வர்க்கமாக்கித் தாக்குதலோடு கூட்டுகிறது ஆட்டம். பலம் 10 என்றால் கூடுதல் 1. 80 என்றால் 64. 90 என்றால் 81. விலை படிப்படியாக ஏற, பலன் வர்க்கத்தில் ஏறுகிறது. சமமாகப் பிரித்தவன் எதற்கும் ஆகாதவனாகிறான். 89இல் நின்றவனை '90 ஆக்காம ஏன்டா நிக்கிற'ன்னு கேலி செய்தது இதனால்தான். ஆட்டக்காரனின் 'சுதந்திரமான தேர்வு' என்று சொல்லப்படுவதன் பெரும்பகுதியை இந்தச் சூத்திரம் முன்கூட்டியே தேர்ந்துவிட்டது. தவறிப் போட்டுவிட்டால் அந்தக் காலத்தில் திருத்த வழியில்லை, புதுப் பாத்திரம்தான். பிறகு பச்சாதாபத்தையும் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள்.

அப்படியானால் அஜியா, வைட்டா? சுறுசுறுப்பில் போட்ட வீரன் அடியிலிருந்து விலகிக்கொள்வான். மருந்தும் வேண்டாம், மருத்துவனும் வேண்டாம். ஆனால் இரண்டு எதிரிகளுக்கு மேல் சூழ்ந்தால், கூடுதலாக வரும் ஒவ்வொருவருக்கும் அவனது விலகும் திறன் பத்து சதவீதம் சரியும். உடல்தாங்கு திறனில் போட்டவன் விலகுவதில்லை, வாங்கிக்கொண்டு நிற்பான். அவனுக்குப் பின்னால் குணப்படுத்தும் பூசாரி ஒருவர் இருந்தே ஆக வேண்டும். நல்ல பங்கீடு இதுதான் என்று சொல்லித்தந்தவர்களின் கணக்கு பெரும்பாலும் தனியாளுக்கான கணக்கு. வினாடிக்கு எத்தனை அடி, மணிக்கு எவ்வளவு அனுபவம் என்பதுதான் அதன் அளவுகோல். எத்தனை பேரோடு போகப்போகிறாய் என்று அது முதலில் கேட்பதில்லை. இயக்கங்களில் இருந்தவர்களுக்கு இந்த இரண்டு வகை ஆட்களையும் தெரியும், பெயர் சொல்ல வேண்டியதில்லை. என் ஓட்டு வைட்டுக்கு. தனியாக லெவல் ஏற்ற முடியாது என்று அந்தப் பையன் சொன்னது குறைதான். அந்தக் குறையோடே சொல்கிறேன்.

பூசாரியின் கணக்கு இதைவிடச் சிக்கல். அறிவிலும் கைத்திறனிலும் எல்லாவற்றையும் போட்டு, பலத்தை 1இலேயே விட்டுவிடுவார்கள். பலம் என்பது அடிப்பதற்கு மட்டுமல்ல, சுமப்பதற்கும்தான். ஒரு புள்ளிக்கு 30 எடை கூடும். ஆகவே பூசாரியால் மூட்டை தூக்க முடியாது, வீரன்தான் தூக்குவான். பதிலுக்குப் பூசாரி அவனை உயிரோடு வைத்திருப்பான். அறுகோணம் எதிரெதிரே நிறுத்திய பலமும் அறிவும் இங்கே ஒன்றையொன்று தேடிப் போகின்றன. அதற்காக இதை சமத்துவம் என்று கொண்டாட நான் தயாரில்லை. அந்த சென்டரில் பூசாரியாக உட்காரவைக்கப்பட்டது எப்போதும் சின்னப் பையன்தான். எதிரியை வீழ்த்துவது அவன் இல்லை. குழுவின் அமைப்புகளில் அனுபவத்தை 'அவரவருக்கு' என்றும் வைக்கலாம், 'சமமாகப் பகிர்' என்றும் வைக்கலாம். 'அவரவருக்கு' என்று வைத்தால் அடிக்காதவனுக்கு ஒன்றும் கிடைக்காது. அதை மாற்றும் பொத்தான் குழுத்தலைவன் கையில் மட்டும் இருக்கும். சண்டை முற்றிய ஒரு ராத்திரி சின்னவன் கேட்டான்: "அண்ணா, ஷேர்ல போட்டியா இல்லியா?" அண்ணன்காரன் திரையிலிருந்து கண் எடுக்கவில்லை.