சிறுவர் இசை நாடகமும் இரவற் குரலும்

சிறுவர் இசை நாடகங்களைப் பற்றி எழுதுவோர், மேடையேற்றத்தன்று மண்டபத்தில் அமர்ந்து கண்டதைக் கொண்டே தீர்ப்புக் கூறிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. உடை அழகாயிருந்தது, பிள்ளைகள் அச்சமின்றி ஆடினர், பெற்றோர் மகிழ்ந்தனர் என்ற மூன்று வாக்கியங்களோடு விமர்சனம் முடிந்துவிடுகிறது. ஆனால் இக்கலையின் தன்மை ஒத்திகைக் கூடத்திலேயே தீர்மானமாகிறது. ஆகவே கொழும்பில் இரண்டு வகுப்புகளைப் பல வாரங்கள் சென்று பார்த்தேன். ஒன்று வெள்ளவத்தையில், மற்றது கொட்டாஞ்சேனையில். இரண்டையும் நடத்துவோர் நல்லெண்ணம் உடையவர்கள். ஆதலின் பெயர் கூறவில்லை.

வெள்ளவத்தை வகுப்பு, காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் முன்கூடத்தில் நடைபெறுகிறது. இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். பாடல்கள் யாவும் முன்னரே ஒலிப்பதிவு செய்யப்பட்டவை. பாடியிருப்போர் தேர்ந்த பாடகர்கள். பிள்ளைகள் அப்பாட்டுக்கு உதடசைத்து ஆடுகின்றனர். குரல் கரகரத்த சிறுமி ஒருத்தி முதல் வாரத்தில் மயிலாக இருந்தாள். மூன்றாம் வாரம் மரமாக நின்றாள். உதடசைப்பதற்குக் குரல் எதற்கு என்று கேட்டேன். “அவவுக்குத் தாளம் பிடிபடேல்லை” என்றார் ஆசிரியை. தாளம் பிடிபடாத பிள்ளைக்குத் தாளம் கற்பிக்கவே வகுப்பு என்று நான் நினைத்திருந்தேன்.

அவர்மீது குறை கூறுவது எளிது. மண்டப வாடகை, வாடகைக்கு எடுக்கும் உடைகள், ஒப்பனை, ஒலியமைப்பு எல்லாவற்றையும் அவர் பெற்றோரின் பணத்திலிருந்தே ஈடுகட்ட வேண்டும். பணம் கொடுத்த பெற்றோர் தம் பிள்ளை முன்வரிசையில் நிற்பதைப் படம் பிடிக்க விரும்புகின்றனர். நேரடியாகப் பாடவைத்தால் ஒரு பிள்ளை சுருதி விலகும், இன்னொன்று அடியை மறக்கும். ஒலிப்பதிவு பிழைவிடாது. அரங்கேற்றம் என்னும் செலவுமிக்க சடங்கின் தர்க்கம் இங்கே நாடகத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. வேறுபாடு ஒன்றுதான்: அரங்கேற்றத்தில் ஆடும் பெண் பல ஆண்டு உழைப்பின் பயனையாவது காட்டுகிறாள்; இங்கே பிள்ளை காட்டுவது வேறொருவரின் தொண்டையை.

இரவற் குரலோடு இரவல் மொழியும் வருகிறது. கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகள் ஒரே தமிழ் பேசுவோர் அல்லர். யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை ‘வரேல்லை’ என்னும்; மலையகத்திலிருந்து வந்த பிள்ளை ‘வரல’ என்னும்; மட்டக்களப்புப் பிள்ளை ‘வரல்ல’ என்னும். 1983க்குப் பின்னும் போர்க்காலத்திலும் நிகழ்ந்த இடப்பெயர்வுகள் இக்கலப்பை மேலும் அடர்த்தியாக்கின. இப்பிள்ளைகள் ஒரு கூடத்தில் கூடுவதே நாடக ஆசிரியனுக்குப் பெரும் செல்வம். அதை விடுத்து, எந்த வீட்டிலும் பேசப்படாத ஒரு மேடைத் தமிழை எல்லார் வாயிலும் திணிக்கின்றோம். பிறகு, பிள்ளைகள் உணர்ச்சியின்றிப் பேசுகின்றனர் என்று வருந்துகின்றோம்.

கொட்டாஞ்சேனை வகுப்புக்கு ஒலிப்பதிவு செய்ய வசதியில்லை. ஒரு டோலக்கும் ஒரு சோடித் தாளமுமே வாத்தியங்கள். துறைமுகத்திலும் கடைகளிலும் வேலை செய்வோரின் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வருகின்றனர். ஆசிரியர் கூத்துப் பார்த்து வளர்ந்தவர் போலும். கூத்தில் ஆடுபவன் ஓர் அடியைப் பாட, பிற்பாட்டுக்காரர் அதை ஏற்றுப் பாடுவர். ஆடுபவனுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். இம்முறையையே அவர் கையாள்கிறார். மெலிந்த குரலுடைய சிறுவன் ஓரடி பாடுகிறான். பதினைந்து குரல்கள் அதை எடுத்துச் செல்கின்றன. அவன் குரல் அடுத்த அடியில் சற்று உயர்கிறது. வறுமையால் நேர்ந்த ஏற்பாடு என்று இதைக் கருதலாகாது. இசை நாடகத்தைச் சிறுவர்க்கு உரியதாக்கும் நுட்பம் இதிலேதான் இருக்கிறது.

இது கொழும்புக்கு அந்நியமானதும் அன்று. கத்தோலிக்கத் தமிழ்க் கூத்திலிருந்து சிங்கள ‘நாடகம’ வடிவம் கிளைத்தது. அதிலிருந்து கற்றே சரத்சந்திர 1956இல் ‘மனமே’யை ஆக்கினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனை மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றினார். அம்மாணவருள் ஒருவரான சி. மௌனகுரு பின்னாளில் சிறுவர்க்கெனத் ‘தப்பி வந்த தாடி ஆடு’, ‘வேடனை உச்சிய வெள்ளைப் புறாக்கள்’ ஆகியவற்றை எழுதினார். பின்னதன் தலைப்பிலேயே ஏட்டுக்குரியதல்லாத பேச்சுச் சொல்லொன்று கூச்சமின்றி நிற்பதைக் கவனியுங்கள். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தோற்றுவித்த குழந்தை ம. சண்முகலிங்கம் ‘கூடி விளையாடு பாப்பா’வைத் தந்தார், 2025 சனவரியில் அவர் மறைந்தபோது நாம் எழுதிய இரங்கலுரைகள் பல, அந்நாடகத்தை மீண்டும் ஆடிய வகுப்புகள் எத்தனை? சிங்களத்தில் சோமலதா சுபசிங்க ‘புஞ்சி அபட்ட தங் தேரெய்’ போன்ற நாடகங்களை எழுதியதோடு நில்லாமல், 1981இல் சிறுவர்க்கும் இளையோர்க்குமென ஓர் அரங்க அமைப்பையே நிறுவினார். அதே நகரில் வாழும் நம் ஆசிரியர்கள் அவற்றுள் ஒன்றையேனும் பார்த்ததுண்டா என்று விசாரித்தேன். இரு வகுப்பிலும் கிடைத்த பதில் ஒன்றே.

பிள்ளைகளின் குரலைப் பிறர் ஆள்வது நமக்குப் புதிதன்று. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் பால சபா கண்டபோது, அதிற் சேர்ந்த தி. க. சண்முகத்துக்கு ஆறு வயது. பாலர் கம்பெனிகள் தமிழுக்குப் பெருங் கலைஞர்களைத் தந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் கம்பெனி வீட்டுச் சிறுவனின் மதிப்பு அவன் குரலில் இருந்தது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் கதாநாயக வேடம் கைநழுவும். அன்று குரலை விற்றுக் கம்பெனி பிழைத்தது. இன்று குரல் தேவையே இல்லாமற் போய்விட்டது. இதை வளர்ச்சி எனக் கொள்வோர் கொள்க.

கொட்டாஞ்சேனை வகுப்பை நான் முற்றாகப் புகழ்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். வடிவம் கூட்டுறவினது, உள்ளடக்கமோ பழைய நீதிப் போதனை. முயல் ஒன்று மூத்தோர் சொல் கேளாமல் காட்டுக்குள் விளையாடப் போகிறது, துன்பப்படுகிறது, இறுதியில் எல்லா விலங்குகளிடமும் மன்னிப்புக் கேட்டுப் பாடுகிறது. கீழ்ப்படிதலைப் பிற்பாட்டாகப் பாடவைத்தால் அது பன்மடங்காகப் பதியும். அந்த அளவில் இரவற் குரலினும் இது அபாயமானது எனலாம்.

ஜெர்மனியில் 1930இல் பிரெக்ட்டும் இசையமைப்பாளர் குர்ட் வைலும் மாணவர்க்கென ஓர் இசை நாடகத்தை உருவாக்கினர். மலைப் பயணத்தில் நோயுற்ற சிறுவன், வழக்கப்படி தன்னைக் கைவிட்டுச் செல்லச் சம்மதிக்கிறான்; ‘ஆம்’ என்பவன் அவன். பெர்லின் நொய்க்கோல்ன் பகுதியிலிருந்த கார்ல் மார்க்ஸ் பள்ளி மாணவர் இதைப் பற்றி விவாதித்து, அவன் ஏன் சாக வேண்டும் என்று கேட்டனர். பிரெக்ட் நாடகத்தைத் திருத்தியதோடு, சிறுவன் ‘இல்லை’ என்று மறுத்துப் புதிய வழக்கம் கோரும் இன்னொரு நாடகத்தையும் எழுதி முன்னதோடு சேர்த்தார். உலகறிந்த நாடகாசிரியன் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்சேபத்துக்காகப் பேனாவை மீண்டும் எடுத்தான்.

நான் கடைசியாகச் சென்ற சனிக்கிழமை, முயலாக நடித்த சிறுவன் மன்னிப்புப் பாட்டின் முதலடியில் நின்றுவிட்டான். “முயல் ஒண்ணுமே செய்யலியே டீச்சர். புலிதானே தொரத்திச்சி. புலி மன்னிப்புக் கேக்கட்டும்.” புலி வேடக்காரன் ஒப்பவில்லை. ஒருத்தி, எல்லாரும் சேர்ந்து புலியை ஏன் தடுக்கேல்லை என்று கேட்டாள். டோலக் நின்றது. ஆசிரியர் முதலில் அதட்டினார், பிறகு தரையில் அமர்ந்து, “சரி, அப்ப முயல் என்ன பாடும்? நீயே சொல்லு” என்றார். சிறுவன் சற்று யோசித்து, தன் வீட்டுத் தமிழில், சுருதி சேராத ஓரடியைப் பாடினான். பின்னாலிருந்தவர்கள் அதைத் திருப்பிப் பாடத் தொடங்கினர்.