ஆழ்தலும் ஆள்தலும்: திருமழிசையாழ்வார் மரபில் ஈடுபாட்டின் பொருள்

முன்னுரை

ஒன்றன்பால் மனம் இழுபட்டு மீள இயலாதிருக்கும் நிலையைக் குறிக்கத் தமிழில் மயக்கம், மையல், மால், பித்து, ஈர்ப்பு, ஈடுபாடு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை, அந்நிலைக்கு ஆட்பட்டவர் தன்வசம் இழந்தவர் என்னும் கருத்தை உள்ளடக்கியவை. பக்தி இலக்கியத் திறனாய்விலும் இக்கருத்து இடம்பெற்று, ஆழ்வார்களை உணர்ச்சிப் பெருக்கில் அறிவு கரைந்தவர்களாகக் காட்டும் போக்கு உண்டு. சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூர்க் கள்ளிக்குப்பத்திற்குத் தென்மேற்கே, பூந்தமல்லியை அடுத்து அமைந்துள்ள ஊர் திருமழிசை. அவ்வூரில் தோன்றிய திருமழிசையாழ்வாரின் பாடல்களும் அவரைப் பற்றிய மரபுக் கதைகளும் இப்போக்கை மறுபரிசீலனை செய்யத் தூண்டுவதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்களில் அமைந்த பார்வை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மருட்கையைக் கூறுகிறது. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கும் அதன் நிலைக்களன்கள். அதே நூற்பா மருட்கையை அறிவு நிரம்பாமையோடு சேர்த்தே சொல்கிறது. ‘மால்’ என்னும் சொல் மயக்கத்தையும் பெருமையையும் திருமாலையும் ஒருங்கே குறிக்கிறது. ஈர்க்கும் பொருளும் ஈர்க்கப்பட்டவரின் நிலையும் இங்கு ஒரே சொல்லில் அடங்குகின்றன. எனினும் இச்சொல்வழக்குகளில் ஆற்றல் பொருளிடமே உள்ளது. மனிதர் அதற்கு உள்ளாகுபவராக மட்டுமே நிற்கிறார்.

‘ஆழ்வார்’ என்னும் பெயருக்கு ‘இறைவன் குணங்களில் ஆழ்ந்தவர்’ எனக் கூறப்படும் விளக்கமும் இவ்வகையினதே. ஆயின், எஸ். பழனியப்பன் 2004இல் வெளியான ஆய்வில் கல்வெட்டுச் சான்றுகளைக் கொண்டு, இப்பெயரின் மூல வடிவம் ‘ஆள்வார்’ என்றும், ஒலித்திரிபால் ‘ஆழ்வார்’ ஆனபின் ஆழ்தற்பொருள் ஏற்றப்பட்டது என்றும் நிறுவ முற்பட்டார். ‘ஆண்டாள்’ என்னும் பெயரிலும் ஆளுதற்பொருளே உள்ளது. இம்முடிவை ஏற்பின், ஆழ்தல் என்பது பிற்கால வாசிப்பு முறையின் சான்றாகிறது. அவ்வாசிப்பு எதனை மறைத்தது என்பதே இங்கு எழும் வினா.

பாடல்கள் காட்டும் அறிவுநிலை

திருமழிசையாழ்வார் அருளியவை 96 பாடல்கள் கொண்ட நான்முகன் திருவந்தாதியும் 120 பாடல்கள் கொண்ட திருச்சந்த விருத்தமும் ஆகும். முன்னையது பிற சமயங்களை நேர்நின்று மறுக்கும் வாதக் குரலை உடையது. பின்னையது ஐம்பூதங்களின் பண்புகளை ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என எண்களால் அடுக்கித் தொடங்குகிறது. சந்தத்தின் விரைவு கேட்போரை இழுத்துச் செல்ல, எண்களின் புதிர் அவரை நிறுத்திச் சிந்திக்கச் செய்கிறது. தன்வசம் இழந்தவரின் மொழியாக இதனைக் கொள்ள இயலாது.

மரபுக் கதையும் இதற்கு இசைகிறது. பல சமயங்களையும் ஆராய்ந்த பின்னரே இவர் வைணவத்திற்கு வந்தார் என மரபு கூறும். செடியைத் தலைகீழாக நட்டு ஓட்டைக் குடத்தால் நீர் வார்த்த பேயாழ்வாரின் செயல் இவர் கவனத்தை ஈர்த்தது. அதனைத் தொடர்ந்த வாதமே இவரை மாற்றியது. வியப்பு இக்கதையில் வாதத்தின் வாயிலாகிறது. அறிவு நிரம்பாமையோடு மருட்கையை இணைக்கும் இலக்கணப் பார்வையிலிருந்து இக்கதை விலகி நிற்பதைக் காணலாம்.

ஈர்ப்பின் இருவழி

திருச்சந்த விருத்தத்தின் குடந்தைப் பாடல் குறிப்பிடத்தக்கது. நடந்த கால்கள் நொந்தனவோ எனப் பள்ளிகொண்ட இறைவனைப் பரிவோடு வினவி, எழுந்து பேசுமாறு ஏவி, வாழ்த்தில் முடிகிறது அப்பாடல். ஏவல், பரிவு, வாழ்த்து ஆகிய மூன்றும் ஒரே குரலில் ஒலிக்கின்றன. இறைவன் எழ முற்பட்டதாகவும், அதனால் ஆராவமுதன் ‘ஆராவமுதாழ்வான்’ எனவும் ஆழ்வார் ‘திருமழிசைப்பிரான்’ எனவும் பெயர் மாறிப் பெற்றதாகவும் மரபு கூறும். சீடர் கணிகண்ணர் நாடு கடத்தப்பட்டபோது, ஆழ்வார் சொற்படி திருவெஃகாப் பெருமாள் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு உடன்சென்றார் என்னும் காஞ்சிக் கதையும் இதே அமைப்புடையது. அப்பெருமாளின் பெயரே ‘சொன்னவண்ணம் செய்த பெருமாள்’ என்பதாகும்.

இக்கதைகள் பாடல்களுக்குப் பிந்தியவை. எனவே அவற்றை வரலாறாகக் கொள்ளலாகாது. எனினும் குடந்தைப் பாடலின் ஏவற்குரலை மரபு எவ்வாறு கேட்டது என்பதற்கு அவை சான்றாகும். பெயர் விளக்கத்தில் ஆழ்தலை வலியுறுத்திய அதே மரபு, கதைகளில் ஆளுதலைப் பாதுகாத்துள்ளது.

முடிவுரை

‘ஆரா அமுது’ என்பது உண்டும் நிறைவுறாத சுவை. அந்நிறைவின்மை அடியவருக்கு மட்டும் உரியதாக இம்மரபு கருதவில்லை. அழைத்தவுடன் எழ முற்படும் இறைவனுக்கும் உரியதாக்குகிறது. ஆதலின் இங்கு ஈடுபாடு என்பது தன்வசம் இழத்தல் அன்று. ஆராய்ந்து தேர்ந்த ஒருவர் ஏவும் உரிமையைப் பெறும் அளவுக்கு நெருங்கிய உறவே அது. பக்திப் பாடல்களில் உருக்கத்தை மட்டும் தேடும் திறனாய்வு, அவற்றின் வாதத்தையும் ஏவலையும் கேளாது விடுகிறது. ‘ஆழ்வார்’ என்னும் சொல்லின் வரலாறு, அவ்விரு குரல்களுக்கும் மீண்டும் செவிசாய்க்க வேண்டிய தேவையை உணர்த்துகிறது.