மாண்டூக்கிய காரிகையில் உவமைகளின் வைப்புமுறை

முன்னுரை

அதர்வ வேதத்தைச் சார்ந்த மாண்டூக்கிய உபநிடதம் 12 மந்திரங்களே உடையது. அதற்குக் கௌடபாதர் இயற்றிய காரிகை ஆகமம், வைதத்தியம், அத்வைதம், அலாதசாந்தி என்னும் நான்கு பிரகரணங்களாக 215 செய்யுட்களில் விரிகிறது. கௌடபாதரைச் சங்கரருடைய ஆசிரியருக்கு ஆசிரியர் என மரபு போற்றும். நான்காம் பிரகரணம் முன்னைய மூன்றோடு ஒரே நூலாகுமா என்பது அறிஞரிடை நிலவும் வினா. இவ்வினாவை இக்கட்டுரை உவமைகளின் வழி அணுகுகிறது.

அறிஞர் கருத்துகள்

சுரேந்திரநாத் தாஸ்குப்தா 1922இல் கௌடபாதரைப் பௌத்தராகக் கருத இடமுண்டு என்றார். விதுசேகர பட்டாசாரியர் 1943ஆம் ஆண்டுப் பதிப்பில் நான்கு பிரகரணங்களும் தனித்தனி நூல்கள் எனக் கொண்டார். டி.எம்.பி. மகாதேவன் 1952இல் வெளியிட்ட ஆய்வில் வேதாந்தச் சார்பினை நிறுவினார். நான்காம் பிரகரணம் புதியதொரு வணக்கத்துடன் தொடங்குகிறது. முன்னைய செய்யுட்கள் சில அதில் மீண்டும் வருகின்றன. பௌத்தக் கலைச்சொற்களும் மிகுதி. எனவே ஐயம் எழுவது இயல்பே.

உவமைகளின் பணி

உவமம் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன் அடியாகப் பிறக்கும் என்பது தொல்காப்பிய நெறி. இந்நெறி இங்குத் துணைசெய்கிறது. இரண்டாம் பிரகரணத்தில், இருளில் கிடக்கும் கயிறு பாம்பாகவும் நீர்த்தாரையாகவும் எண்ணப்படுகிறது. மூன்றாவதில், குடத்துள் அடங்கிய வெளி குடம் உடைந்ததும் பெருவெளியோடு ஒன்றுகிறது. ஒரு குடவெளியில் தூசி படிந்தால் ஏனைய குடவெளிகள் மாசுறுவதில்லை. உயிர்கள்தோறும் இன்பதுன்பம் வேறுபடுவதற்கு இதுவே விடை. இவ்விரண்டும் வடிவினை, அதாவது மெய்யினைப் பற்றியவை எனலாம்.

ஆயினும் குடவெளி உவமையில் ஒரு குறை எஞ்சுகிறது. வெளி ஒன்றேயாயினும் குடம் வேறொரு பொருளாக நின்றுவிடுகிறது. அக்குடம் எங்கிருந்து வந்தது எனக் கேட்போர்க்கு அவ்வுவமையுள் விடையில்லை.

கொள்ளி உவமை இக்குறையை நீக்குகிறது. சுழலும் கொள்ளி நேர்கோடாகவும் வளைகோடாகவும் தோன்றுகிறது. அசைவு நின்றால் கோடுகள் இல்லை. அவை புறத்திலிருந்து வந்தனவும் அல்ல; கொள்ளியினுள் புகுந்தனவும் அல்ல. இது வினையுவமம். இரண்டாவது பொருள் எதுவும் இங்குத் தேவைப்படவில்லை. ஒன்றும் பிறப்பதில்லை என்னும் அஜாதிக் கொள்கைக்கு இதனினும் பொருத்தமான உவமை முன்னைய பிரகரணங்களில் இல்லை.

முடிவுரை

கொள்ளி உவமை இலங்காவதார சூத்திரத்திலும் பயில்வது. அது பௌத்தக் கொடையாக இருத்தல் கூடும். ஆனால் உவமை எங்கிருந்து பெறப்பட்டது என்பது ஒரு வினா. நூலுள் அது என்ன செய்கிறது என்பது மற்றொரு வினா. முன்னதன் விடையைப் பின்னதற்கும் விடையாகக் கொண்டமையே இவ்வாதம் நீண்டமைக்குக் காரணம் எனலாம். மூன்றாம் பிரகரணம் எழுப்பிவிட்ட வினாவுக்கு நான்காவது விடை தருகிறது. நூலாசிரியர் ஒருவரே என்பதற்கு இது சான்றாகாது. எனினும், இந்நான்கையும் ஒன்றாகக் கற்ற மரபு காரணமின்றி அவ்வாறு கற்கவில்லை என்பதற்கு உவமைகளின் வைப்புமுறையே தக்க சான்றாகும்.