காப்புரிமை இல்லாத கட்டுமரம்

முட்டம், குளச்சல் கரைகளில் ஆடி மாத அலை சுவர்போல் எழுந்து உடையும். மரத்தடிகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரம் அதற்குள் துணிந்து பாயும். மேலே ஏறிய நீர் தடிகளின் இடுக்கு வழியே தானே வடிந்துவிடும்; மூழ்கடிக்க அதற்குள் குழிவே இல்லை. கரைசேர்ந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளை மணலில் உலர்த்துவார்கள். ஈரம் ஊறினால் பாரம் கூடும் அல்லவா! என்ன அழகான யோசனை.

அமெரிக்கர் நத்தானியல் ஹெரஷாஃப் 1876இல் 'அமரில்லிஸ்' என்ற, கட்டுமரத்தின் பெயரால் 'கேட்டமரன்' எனப்படும் இரட்டை உடல் பாய்ப்படகால் நியூயார்க் பந்தயத்தில் மற்றவர்களை முந்தினார். 1877இல் காப்புரிமையும் பெற்றார். இரட்டை ஓடங்கள் பசிபிக் தீவுகளில் அதற்கு வெகுகாலம் முன்பே ஓடின. ஆனால் உடல்களையும் தளத்தையும் அலைக்கேற்ப அசையும்படி இணைத்த மூட்டுகள் அவருடைய சொந்தச் சிந்தனை. அந்தப் பெருமை அவருக்குத் தகும்.

கட்டுமரத்துக்குக் காப்புரிமை கிடையாது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு மரபறிவைப் புதுக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. வேறொருவர் வந்து அதைத் தனதென்று பூட்டிவைக்க முடியாது என்பதால் இது நல்ல ஏற்பாடே.

1980களில் படகு வடிவமைப்பாளர் பியேர் கிலே முட்டத்தில் பிளைவுட் படகுகளை உருவாக்கியபோதும், கட்டுமரத்தைப் போலவே கரையேற எளிதான, எடை குறைந்த கலமே தேவைப்பட்டது.